செடி வைங்க, ஜன்னலையும் திறந்து வைங்க

டவுன்ல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா இப்பல்லாம் ஹால் மூலையில ஒரு பீங்கான் தொட்டி இருக்கு. அதுல வாள் மாதிரி நட்டுக்குத்தலா நிக்குற பச்சை இலை, ஓரத்துல மஞ்சக் கோடு. ஸ்நேக் பிளான்ட்டாம். எதுக்கு வச்சிருக்கீங்கன்னு கேட்டா அழகுக்குன்னு யாரும் சொல்றதில்ல. "காத்தைச் சுத்தம் பண்ணும் சித்தப்பா, நாசாவே சொல்லிருக்கு" என்கிற பதில்தான் வருது. நர்சரியிலயும் தொட்டி மேல 'ஏர் பியூரிஃபையர்'னு சீட்டு ஒட்டித்தான் விக்கிறாங்க.

இந்தச் செடியோட பங்காளி ஒண்ணு நம்ம நாட்டுலயே உண்டு. மருள்னு பேரு. வறண்ட காட்டுல, வேலியோரத்துல, யாரும் தண்ணி ஊத்தாமலே கிடக்கும். அந்தக் காலத்துல அதுல நார் எடுத்துக் கயிறு திரிச்சாங்க, வில்லுக்கு நாண் கட்டினாங்க. டவுன்ல விக்கிறது மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து வந்த ரகம். அதைக் காசு கொடுத்து வாங்குறதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. யார் செடி வளர்த்தாலும் ஒரு சம்சாரிக்குச் சந்தோஷம்தான். என் வருத்தம் வேற. செடி இருக்கு, அது பாத்துக்கிடும்னு நம்பி ஜன்னலைச் சாத்திப்போடுறாங்க. அதைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல அந்த நாசா கதை. அது பொய் இல்ல, உண்மையாவே நடந்த ஆராய்ச்சிதான். 1970-களில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குள்ள இருந்த காத்தைச் சோதிச்சப்ப, நூத்துக்கும் மேல ரசாயன ஆவிகள் கலந்திருந்தது தெரிய வந்தது. பிளாஸ்டிக், பசை, பெயின்ட்ல இருந்து கிளம்புற வாயுக்கள். அடைச்ச பெட்டிக்குள்ள மனுசன் மாசக்கணக்கா இருக்கணும்னா இதை எப்படிக் குறைக்கிறது? பி.சி. வுல்வர்ட்டன் என்கிற நாசா விஞ்ஞானி செடிகளை வச்சுப் பார்த்தார். 1989-இல் அறிக்கை வந்தது. அமெரிக்காவுல தோட்டம் அமைச்சுக் கொடுக்குற கான்ட்ராக்டர்களோட சங்கமும் அதுல கூட்டுச் சேர்ந்திருந்தது.

அவர் செய்தது என்னன்னா, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல காத்துப் புகாத பெட்டி செஞ்சார். சின்னப் பெட்டி நீளம், அகலம், உயரம் மூணும் ஏறக்குறைய இரண்டரை அடி. உள்ள ஒரு செடியை வச்சு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ட்ரைகுளோரோஎத்திலீன் மாதிரி ஒரு வாயுவை அளந்து செலுத்தி, 24 மணி நேரம் கழிச்சு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்த்தார். குறைஞ்சிருந்தது. இலை மட்டும் இல்லாம, வேரும் மண்ணுல இருக்குற நுண்ணுயிரும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்யுதுன்னும் சொன்னார். இன்னொரு சோதனையில மண்ணுக்குள்ள செறிவூட்டின கரியைக் கலந்து, சின்ன ஃபேன் வச்சு, காத்தை வேர் வழியா இழுக்க வச்சார். அப்ப இன்னும் நல்லா வேலை செஞ்சது. ஆனா கடையில தொட்டி விக்கிறவங்க கரியையும் ஃபேனையும் பத்தி வாயே திறக்குறதில்ல.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம், பத்தடி உயரம். மொத்தம் 1,200 கன அடி காத்து. வுல்வர்ட்டன் வச்ச சின்னப் பெட்டி 16 கன அடிகூட வராது. அப்ப அந்த ரூமுக்குள்ள அப்படி 75 பெட்டிக்கு மேல அடுக்கலாம். அதோட, பெட்டிக்குள்ள விட்ட வாயு ஒரே ஒரு தடவை விட்டது. நம்ம வீட்டுல பிளைவுட் பீரோ, புது பெயின்ட், தரை துடைக்கிற லோஷன் எல்லாம் நாள் முழுக்க ஆவி விட்டுக்கிட்டே இருக்கும். ஒரு தொட்டி எந்த மூலைக்குன்னு ஓடும்?

இந்தக் கணக்கை முறையாப் போட்டவங்க இருக்காங்க. அமெரிக்காவுல ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் என்கிற ரெண்டு பேர். அதுவரைக்கும் வந்த 12 ஆய்வுகளோட முடிவுகளை எல்லாம் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து 2019-இல் வெளியிட்டாங்க. ஒரு கட்டடத்துக்குள்ள சும்மா வந்து போற காத்து எவ்வளவு ஆவியை வெளியேத்துதோ, அதே வேலையைச் செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10-இல் இருந்து 1,000 செடி வரைக்கும் வேணும்னு கணக்கு வந்தது.

குறைஞ்ச எண்ணிக்கையான 10-ஐயே எடுத்துக்குவோம். நம்ம மிளகாய்த் தோட்டத்துல வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு நட்டா ஒரு சதுர மீட்டருக்கு ஏழு செடிதான் வரும். அதுலயே பழம் எடுக்கப் போறவ இடுப்பை வளைச்சு வளைச்சுத்தான் நடக்கணும். அப்ப ஒரு படுக்கையறையில மிளகாய்க் காட்டை விட நெருக்கமா, நூத்துப் பத்துச் செடி வைக்கணும். கட்டில் எங்க போடுறது? அதுவும் கட்டக்கடைசிக் கணக்கு. மேல்கணக்கு 1,000-ன்னா வீடே காடுதான்.

"டெல்லியில ஒருத்தர் செஞ்சு காட்டிருக்காரே"ன்னு சிலர் கேப்பாங்க. கமல் மீட்டில் என்கிற தொழிலதிபர். டெல்லிக் காத்து ஒத்துக்காம அவர் நுரையீரலோட சக்தி 70 சதவீதத்துக்கு இறங்கிருச்சு. அதுக்கப்புறம் தன்னோட அலுவலகக் கட்டடத்துல செடிகளை வச்சார். 2009-இல் டெட் மேடையில அவர் பேசின பேச்சு உலகம் பூராவும் சுத்துச்சு. மூணு செடிதான் சொன்னார். அரிக்கா பாம், ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட். ஆனா எத்தனைன்னு அவர் சொன்னதை யாரும் காதுல வாங்குறதில்ல. ஒரு ஆளுக்குத் தோள் உயர அரிக்கா பாம் நாலு, இடுப்பு உயர ஸ்நேக் பிளான்ட் ஆறுல இருந்து எட்டு. 300 பேர் வேலை பாக்குற அந்தக் கட்டடத்துல 1,200 செடி. போதாததுக்கு மொட்டை மாடியில பசுமைக் குடில், காத்தைத் தண்ணியில கழுவி உள்ளே அனுப்புற ஏற்பாடு எல்லாம் உண்டு. நாலு பேர் இருக்குற வீட்டுக்கு அவர் கணக்குப்படி பார்த்தாலே பாம் மட்டும் பதினாறு. டிவி பக்கத்துல ஒண்ணு வச்சுட்டு டெல்லிக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுறது நியாயமா?

அடுத்தது துளசி. துளசி ராத்திரியும் ஆக்சிஜன் விடும்னு வாட்ஸப்புல வாரம் ஒரு தடவை வருது. எந்தப் பச்சைச் செடியும் வெளிச்சம் இருந்தாத்தான் ஆக்சிஜன் விடும். இருட்டினா நம்மளை மாதிரி அதுவும் மூச்சு விடும். கற்றாழை, ஸ்நேக் பிளான்ட் மாதிரி வறண்ட நிலத்துச் செடிங்க ராத்திரியில கரியமில வாயுவை உள்ளே வாங்கும்கிறது நிசம். பகல்ல இலைத் துளையைத் திறந்தா ஈரம் போயிரும்னு அது ராத்திரி திறக்குது. ஆனா அது பாலைவனத்துல பிழைக்கிறதுக்கான வழி, நமக்காகச் செய்யுற சேவை இல்ல. அது வாங்குற அளவு, தூங்குற ஒரு ஆள் விடுற மூச்சுக்கு முன்னால ரொம்பச் சொற்பம். துளசியைக் கும்பிடுங்க, சளிக்குக் கசாயம் வைங்க. ஆக்சிஜன் சிலிண்டர் வேலையை அது தலையில கட்டாதீங்க.

பூவும் அப்படித்தான். எங்க பக்கம் பிச்சிப்பூன்னா உசுரு. சாயங்காலம் ஒரு முழம் பிச்சியை வச்சா வீடே மணக்கும். மணக்குற வீடு சுத்தமான வீடுன்னு மனசு நினைச்சுக்கும். மணம் வேற, சுத்தம் வேற. கெட்ட காத்து அங்கயேதான் இருக்கும், மூக்குக்குத்தான் தெரியாது. பாட்டில்ல அடிக்கிற ரூம் ஸ்பிரே இன்னும் மோசம். அது தன் பங்குக்கு இன்னும் நாலு ரசாயனத்தைச் சேர்த்துட்டுப் போகும்.

சரி, வீட்டுக்குள்ள காத்து எதால கெடுது? அதைக் கேக்காம மருந்து தேடுறது, ஓட்டை வாளியில தண்ணி இறைக்கிற மாதிரி.

கிராமத்துல இருந்து எழுதுறதால எங்க ஊர்ல எல்லாம் சுத்தம்னு சொல்லிரப் போறதில்ல. இந்த ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் விறகுன்னா சீமைக் கருவேல்தான். ஜன்னல் இல்லாத அடுப்பங்கரையில அந்த விறகை ஊதி ஊதியே எங்க அம்மா, பெரியம்மா காலத்துப் பொம்பளைகளுக்கு இருமல் நிக்காது, கண்ணு எரியும். பீடியைக் கையில தொடாதவங்களுக்கும் நெஞ்சு கரகரங்கும். வீட்டுக்குள்ள எரிக்கிற விறகு, வறட்டி, கரிப் புகையால 2020-ஆம் வருசம் மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. அந்த அடுப்பங்கரை வாசல்லயும் துளசி மாடம் இருந்தது, கொல்லையில வாழையும் முருங்கையும் நின்னுச்சு. புகையைத் தடுத்தது அதுங்க இல்ல. 2006-க்கு அப்புறம் தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பும், 2016-இல் வந்த உஜ்வலா திட்டமும்தான் பல வீட்டுல புகையைக் குறைச்சது. இப்பவும் சிலிண்டர் விலை ஏறினா விறகுக்குத் திரும்புற வீடு உண்டு. அந்த வீட்டுப் பொம்பளைகிட்ட மணி பிளான்ட் வைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?

டவுன் வீட்டுக் கதை வேற மாதிரி. கடுகு தாளிக்கிற புகை, மீன் பொரிக்கிற புகை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் சத்தம் போடுதுன்னு போடுறதில்ல. ஊதுபத்தி, சாம்பிராணி. எல்லாத்துக்கும் மேல ஏசி. ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ளே கொண்டு வராது, உள்ள இருக்குற அதே காத்தைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வச்சு ஊதும். நாலு பேர் கதவைச் சாத்திப் படுத்தா, வெளியில 420 இருக்குற கரியமில வாயு அளவு விடியறதுக்குள்ள ஆயிரத்தைத் தாண்டிரும். காலையில எந்திரிக்கும்போது தலை கனமா இருக்குன்னு சொல்றவங்க அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும்.

அப்புறம் கொசுவத்தி. சீனா, மலேசியா சுருள்களை எரிச்சுப் பார்த்த ஒரு ஆய்வு 2003-இல் வந்தது. ஒரு சுருள் எரிஞ்சு முடியுறதுக்குள்ள விடுற நுண்துகள், 75-இல் இருந்து 137 சிகரெட் விடுற அளவுக்குச் சமம்னு அதுல இருக்கு. வீட்டுக்குள்ள சிகரெட் பிடிக்க விடாத ஆளுங்கதான் பிள்ளை கட்டிலுக்குக் கீழே சுருளைக் கொளுத்தி வைக்கிறாங்க.

எங்க சொந்தத்துல ஒரு பிள்ளை, நாலு வயசு, இளைப்பு உண்டு. ராத்திரி இளைக்க ஆரம்பிச்சா தாய் தகப்பன் ரெண்டு பேரும் விடிய விடிய முழிப்புதான். யாரோ சொன்னாங்கன்னு ஆறு தொட்டி வாங்கி அந்த ரூம்லயே வச்சாங்க. மணி பிளான்ட்டை பாட்டில் தண்ணியில போட்டு ஜன்னல் மேடையில வரிசையா வச்சாங்க. அந்தத் தண்ணியிலயும், தொட்டிக்குக் கீழ வச்ச தட்டுலயும் கொசுப்புழு நெளிஞ்சது. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு அழுக்குச் சாக்கடை வேணாம், இந்த மாதிரித் தெளிஞ்ச தண்ணிதான் இஷ்டம். கொசு கூடிருச்சுன்னு ராத்திரி சுருள் ரெண்டாச்சு. சுருள் எரியும்போது ஜன்னலும் சாத்தி. காத்தைச் சுத்தம் பண்ண வந்த செடி எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு பாருங்க. இப்ப பாட்டிலை எடுத்தாச்சு, ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சாச்சு, சுருளும் நின்னாச்சு. டாக்டர் கொடுத்த மருந்து தொடர்ந்து நடக்குது. பிள்ளை ராத்திரி எந்திரிச்சு உக்காருறது முன்னைக்கு இப்ப குறைவு.

"ஜன்னலைத் திறன்னு ஈசியாச் சொல்லிட்டீங்க, திறந்தா வெளியில மட்டும் என்ன நல்ல காத்தா வருது?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாம நழுவக் கூடாது. எங்க மாவட்டத் தலைநகரம் தூத்துக்குடியையே எடுத்துக்குங்க. துறைமுகத்துல நிலக்கரி இறங்குது. 1979-இல் முதல் யூனிட் ஓட ஆரம்பிச்ச அனல்மின் நிலையம் இருக்கு. ராத்திரி பகலா லாரி ஓடுது. மத்திய அரசு 2019 ஜனவரியில தேசியத் தூய காற்றுத் திட்டம்னு ஒண்ணை அறிவிச்சப்ப, காத்துத் தரம் அளவுக்கு மேல கெட்ட நகரம்னு 102 ஊர்களைப் பட்டியல் போட்டாங்க. அதுல தமிழ்நாட்டுல இருந்து இடம்பிடிச்ச ஒரே ஊர் தூத்துக்குடி. சென்னை இல்ல, கோயம்புத்தூர் இல்ல, கடற்கரையில இருக்குற எங்க ஊர்.

அதனாலதான் சொல்றேன். தெருவுல பறக்குற தூசியையும் கரித்தூளையும் ஹால்ல இருக்குற தொட்டி உறிஞ்சும்னு நம்புறது, ஊர்ப் பிரச்சினையை வீட்டு மூலையில தள்ளி மூடி வைக்கிற மாதிரி. லாரிக்குத் தார்ப்பாய் போட்டு மூடு, ரோட்டோரம் குப்பையை எரிக்காதே, காத்தை அளந்து தினமும் போர்டுல போடுன்னு கேக்க வேண்டிய இடம் மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். ஏர் பியூரிஃபையர்னு சீட்டு ஒட்டின தொட்டியை வாங்கி வச்சதும் அந்தக் கேள்வி நம்ம மனசுல இருந்தே நழுவிப் போயிருது. எனக்கு அதுதான் பயம்.

ஜன்னலுக்கும் நேரம் பார்க்கணும். ரோட்டு மேல வீடு இருந்தா லாரியும் பஸ்ஸும் நெருக்கியடிக்கிற நேரத்துல அந்தப் பக்கத்தைச் சாத்திக்குங்க, சந்தடி அடங்கினதும் திறங்க. ரோடு இல்லாத பக்கம் ஜன்னல் இருந்தா அதை நாள் முழுக்கத் திறந்து வைங்க. கடற்கரைப் பக்கம் இருக்குறவங்க மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கிளம்புற நேரத்தை விட்டுராதீங்க. ஒரு ஜன்னல் பத்தாது. எதிரும் புதிருமா ரெண்டு திறக்கணும், ஒண்ணுல வந்து இன்னொண்ணுல போகணும். எங்க பக்கத்துப் பழைய வீடுகள்ல வாசலும் புழக்கடைக் கதவும் நேருக்கு நேரா இருக்கும், நடுவுல முற்றம். ஆனியிலயும் ஆடியிலயும் மேகாத்து அடிச்சா திண்ணையில கிடக்குற பேப்பர் புழக்கடைக்குப் போயிரும். அதைக் கட்டின கொத்தனாருக்கு பென்சீனும் தெரியாது, ஃபார்மால்டிஹைடும் தெரியாது. காத்து ஒரு பக்கம் வந்தா இன்னொரு பக்கம் போகணும்னு மட்டும் தெரியும். நெரிசலான ரோட்டுல, நுரையீரல் கோளாறு உள்ளவங்களோட வசிக்கிறவங்களுக்கு வேற வழியே இல்லேன்னா, நல்ல வடிகட்டி உள்ள மெஷின் தூசியைப் பிடிக்கும். செடி பிடிக்காது.

அப்ப செடியே வேணாமா? அப்படி யாராவது சொன்னா அவங்களோட சண்டைக்கு நான்தான் முதல்ல போவேன். செடி வைங்க, நிறைய வைங்க. ஆனா அது செய்யுற வேலைக்கு வைங்க. மேற்குச் சுவர்ல வெயில் அறைஞ்சா அங்க ஒரு கொடியை ஏத்துங்க. அவரையோ பாகலோ பிச்சியோ, சுவர் சூடு குறையும், ஏசி ஓடுற நேரம் குறையும். வாசல்ல இடம் இருந்தா வேம்போ புங்கனோ வைங்க. தெருத்தூசியில ஒரு பங்கு அது இலையில படியும், மழை கழுவிட்டுப் போகும். நிழலும் குளுமையும் சும்மா கிடைக்கும். ஒண்ணுமே இடம் இல்லாத ஃபிளாட்னா பால்கனியில வெயில் படுற இடத்துல கருவேப்பிலை, கற்பூரவல்லி, ரெண்டு ரோஜா. பிள்ளைங்க மொட்டு விட்டதைப் பார்க்க ஓடி வரும். அந்த ஓட்டத்துக்கே போட்ட காசு சரியாப் போச்சு.

வைக்கும்போது நாலு விசயம் பாத்துக்குங்க. தொட்டித் தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க. பாட்டில்ல வளர்த்தா வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டி, பாட்டில் உள்பக்கத்தையும் தேய்ச்சுக் கழுவுங்க. முட்டை அங்கதான் ஒட்டியிருக்கும். மணி பிளான்ட், பெரிய புள்ளி இலை வச்ச டைஃபன்பேகியா ரெண்டையும் தவழுற பிள்ளைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்துல வைங்க. கடிச்சா நாக்கும் வாயும் எரிஞ்சு வீங்கும். அரளி மொத்தமும் விஷம், பால்கனிக்கு வேணாம். இலையில தூசி படிஞ்சா ஈரத்துணியால துடைங்க. அது நம்மளைச் சுத்தம் பண்ணுறதை விட நாம அதைச் சுத்தம் பண்ணுறதுதான் அதிகம்.

ஒரு செடிகிட்ட இல்லாத வேலையை எதிர்பார்த்தா, அது செய்யலைன்னதும் வெறுப்பு வரும். அப்புறம் தண்ணி ஊத்த மறந்து போகும், தொட்டி காலியாகும். சும்மா பாக்குறதுக்கு, தொடுறதுக்கு, பூத்தா சந்தோஷப்படுறதுக்குன்னு வளர்த்தவங்க வீட்டுலதான் செடி வருசக்கணக்கா நிக்குது. மூச்சுக்கு வேண்டிய காத்து இன்னிக்கும் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது. கொக்கியை எடுத்து விடுங்க. அந்தக் காத்து சரியில்லேன்னா, தெருவுல இருக்குற நாலு வீட்டுக்காரங்களைச் சேர்த்துக்கிட்டு வார்டு கவுன்சிலர்கிட்ட போய்ப் பேசுங்க.